பர்கர் வாங்கிக் கொடுக்கும் அம்மாவைப் பார்த்து நமக்கு ஏன் கோபம் வருகிறது?

போன வருடம் என் அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த 11 நாளில் ஏழெட்டு நாள் என் 7 வயது மகனுக்கு இரவுச் சாப்பாடு எதிரே இருந்த ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில்தான். பர்கர், ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், சில நாள் நக்கெட்ஸ். கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், சமைத்து, ஊட்டி, மறுபடி கிளம்பி வந்தால் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார், அம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் அம்மாவுக்குப் பாதி ஞாபகம் இருக்கும், பாதி இருக்காது. அதனால் எதிர்க் கடை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தேன். கூடவே இரண்டு பெண் குழந்தைகள், பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. பெரியவள் சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துச் சின்னவளின் தட்டில் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா எதுவும் சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளும் அதே மேசையில் அதே மூன்று பேர். எனக்குள் உடனே ஓடியது இதுதான்: தினமும் இதையே வாங்கிக் கொடுப்பாங்க போல, வீட்டில் ஏதாவது செய்து தரக் கூடாதா, அந்தப் போனையாவது கீழே வைக்கலாமே. நினைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவரை இரண்டு நாள் பார்ப்பதற்கு நானும் இரண்டு நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், என் மகன் கையிலும் அதே காகிதப் பை இருந்தது.

என் காரணம் எனக்குத் தெரியும், அவருடைய காரணம் எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இதை வைத்தே என்னை நான் சூழ்நிலைக் கைதியாகவும் அவரைப் பொறுப்பில்லாத தாயாகவும் தீர்மானித்துவிட்டேன். மனம் இப்படி வேலை செய்வதைப் பற்றி உளவியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1977இல் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் சொல்வதென்றால், காரணத்தை ஆளின் மேல் ஏற்றும் பிழை. அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போது அவருடைய குணம்தான் கண்ணில் படுகிறது, அவரைச் சுற்றி இருக்கும் நெருக்கடி படுவதில்லை. பிள்ளை வளர்ப்பில் இந்தப் பிழை எல்லை மீறிப் போகிறது, ஏனென்றால் அங்கே ஒரு குழந்தை இருக்கிறது, குழந்தைக்காகக் கோபப்படுகிறோம் என்பதால் அந்தக் கோபம் நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

சரி, முதலில் சாப்பாட்டைப் பார்த்துவிடலாம். அடிக்கடி ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடுவது குழந்தைக்கு நல்லதா என்றால், நல்லதில்லை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. உப்பு அதிகம், கொழுப்பு அதிகம், கூட வரும் குளிர்பானத்தில் சர்க்கரை அதிகம், நார்ச்சத்தும் காய்கறியும் குறைவு. அமெரிக்காவில் 4 முதல் 19 வயது வரையுள்ள 6,212 பேரின் உணவுக் கணக்கை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்ட பிள்ளைகள் சாப்பிடாத பிள்ளைகளைவிட ஒரு நாளைக்குச் சராசரியாக 187 கலோரி கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்த பரிசோதனை இன்னும் நேரடியானது. பெரியவர்கள் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிக அதிகமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். தட்டில் வைத்த கலோரியும் சர்க்கரையும் உப்பும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஒரே அளவுக்குப் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இல்லை இது. ஆனாலும் பெரியவர்களுக்கே கை நிற்கவில்லை என்றால் குழந்தையிடம் என்ன எதிர்பார்ப்பது?

அதனால் கவலைப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2014இல் வட கரோலினா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். ஃபாஸ்ட் ஃபுட் அதிகம் சாப்பிடும் பிள்ளைகளின் எடைக்கும் சத்துக் குறைவுக்கும் காரணம் அந்தக் கடைச் சாப்பாடா, இல்லை மீதி நேரம் முழுக்க அவர்கள் சாப்பிடுவதா? கிடைத்த பதில், மீதி நேரச் சாப்பாட்டோடுதான் தொடர்பு பலமாக இருக்கிறது என்பது. இதைப் படித்ததும் எனக்கு அந்தக் கடை மேசை ஞாபகம் வந்தது. நான் பார்த்தது அந்தக் குழந்தைகளின் ஒரு வேளைச் சாப்பாடு, அவர்களைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய மற்ற வேளைகள் எதையுமே நான் பார்க்கவில்லை. அதே மாதிரி, அப்படிப்பட்ட கடைப் பக்கமே போகாத வீட்டில் காலையில் சர்க்கரை போட்ட சீரியல், மாலையில் சிப்ஸும் குளிர்பானமும், ராத்திரி படம் பார்த்துக்கொண்டே பிஸ்கட் என்று ஒரு குழந்தை வளரலாம். அது யார் கண்ணிலும் படாது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற வசதி அவர்களுக்கு இருக்கிறது.

'அடிக்கடி' என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நான் இரண்டு நாள் பார்த்ததை 'தினமும்' ஆக்கிவிட்டேன். ஒரு பிறந்தநாள், ஒரு பயணம், ஒரு பரீட்சை முடிந்த நாள், வீட்டில் கேஸ் தீர்ந்த நாள், இதெல்லாம் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆஷ்லி தாமஸ், கைல் ஸ்டான்ஃபோர்டு, பார்பரா சார்னெக்கா மூன்று பேரும் செய்து 2016இல் வெளியிட்டது. குழந்தை ஒன்று கொஞ்ச நேரம் தனியாக விடப்படுகிறது என்று சின்னச் சின்னக் கதைகள் எழுதி, பலரிடம் கொடுத்து, அந்தக் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். குழந்தையின் வயது, இடம், நேரம் எல்லாம் அப்படியே இருக்க, பெற்றவர் ஏன் விட்டுப் போனார் என்பதை மட்டும் மாற்றினார்கள். ஒரு கதையில் அவருக்கு விபத்து நடந்து மயங்கிவிட்டார், இன்னொன்றில் வேலைக்குப் போனார், இன்னொன்றில் ஓய்வெடுக்கப் போனார், இன்னொன்றில் கள்ளக் காதலரைப் பார்க்கப் போனார். குழந்தைக்கு இருக்கும் ஆபத்து எல்லாக் கதையிலும் ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பெற்றவரின் காரணம் எவ்வளவு தப்பாகத் தெரிந்ததோ அவ்வளவுக்குக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள். அப்பா வேலைக்காகப் போனார் என்றால் விபத்தில் மயங்கியதற்கு நிகராக மன்னித்தார்கள், அம்மா வேலைக்காகப் போனதற்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இதை அப்படியே பர்கருக்குப் பொருத்திப் பாருங்கள். என் மகனின் ஃபிரைஸில் இருந்த உப்பும் அந்தச் சிறுமிகளின் ஃபிரைஸில் இருந்த உப்பும் ஒரே உப்பு. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதற்காக என் மகனின் உடம்பு அதில் பாதியைத் தள்ளுபடி செய்யப் போவதில்லை. ஆனால் என் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் 'அய்யோ, பாவம், என்ன செய்ய முடியும்' என்கிறார்கள். தட்டில் இருப்பது மாறாமல், காரணம் தெரிந்தவுடன் கோபம் இறங்கிவிடுகிறது என்றால், அந்தக் கோபம் தட்டின் மேல் இருந்ததே இல்லை. அது அம்மாவின் மேல் இருந்த கோபம். குழந்தையின் உடம்பைப் பற்றிய கவலை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பெரும் பங்கு, அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்பதற்கு நாம் போடும் மதிப்பெண்தான். 'அம்மாவின்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த மேசையில் ஓர் அப்பா உட்கார்ந்திருந்தால், பரவாயில்லையே, மனிதர் தனியாக ரெண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கிறாரே என்று நான் மெச்சிக்கூட இருப்பேன்.

அடுத்து, யாரைப் பார்த்து இந்தக் கோபம் வருகிறது என்பது. ஃபாஸ்ட் ஃபுட் என்றாலே ஏழைகளும் படிக்காதவர்களும்தான் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அமெரிக்க அரசின் புள்ளிவிவரம் வேறு மாதிரி சொல்கிறது. 2015 முதல் 2018 வரை எடுத்த கணக்கில், 2 முதல் 19 வயதுள்ளவர்களில் 36.3 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அன்றைக்கு ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கும் மேல். அதற்கு முன் 2011-12 கணக்கில், பிள்ளைகள் ஃபாஸ்ட் ஃபுட்டிலிருந்து பெறும் கலோரிப் பங்கில் ஏழைக் குடும்பத்துக்கும் வசதியான குடும்பத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. பெரியவர்களிடம் 2013 முதல் 2016 வரை எடுத்ததில் நிலைமை அந்த நினைப்புக்கு நேர் எதிர். ஏதாவது ஒரு நாளில் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டவர்கள் குறைந்த வருமானக்காரர்களில் 31.7 விழுக்காடு, நடுத்தரத்தில் 36.4, அதிக வருமானக்காரர்களில் 42. பணம் கூடக் கூட ஃபாஸ்ட் ஃபுட்டும் கூடுகிறது. அப்படியும் கடையில் நிற்பவரின் கசங்கிய உடையையும் குழந்தையின் பருமனையும் பார்த்துத்தான் நம் மனம் தீர்ப்பு எழுதுகிறது. நல்ல காரில் வந்து அதே பையை வாங்கிக்கொண்டு போகிறவர் 'அவசரத்தில் இருக்கிறார்', பஸ்ஸில் வந்தவர் 'பொறுப்பில்லாதவர்'.

பிரியா ஃபீல்டிங்-சிங் என்ற சமூகவியலாளர், கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெற்றோர், பதின்வயதுப் பிள்ளைகள் என்று 160 பேரிடம் பேசி 2017இல் எழுதிய ஆய்வு இந்த இடத்தில் ரொம்ப முக்கியமானது. பிள்ளை சிப்ஸோ பர்கரோ கேட்டால் வசதியான பெற்றோர் பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள், வசதி குறைந்த பெற்றோர் பெரும்பாலும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இதில் என்ன புதுசு, இதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று தோன்றும். ஆனால் அவர் ஏன் என்று கேட்டார். வசதியான அம்மா ஒரு நாளில் பிள்ளைக்கு எத்தனையோ விஷயங்களுக்குச் சரி சொல்கிறார், நீச்சல் வகுப்புக்குச் சரி, புது ஷூவுக்குச் சரி, விடுமுறைப் பயணத்துக்குச் சரி, அதனால் ஒரு பர்கருக்கு முடியாது என்று சொல்வது அவருக்குப் பாரமில்லை. அந்த மறுப்பே தன் பிள்ளையை அக்கறையாக வளர்ப்பதன் அடையாளமாகவும் இருக்கிறது. வசதியில்லாத அம்மா காலையிலிருந்து இல்லை, இல்லை, இப்ப முடியாது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றே சொல்லிச் சொல்லி, சாயங்காலம் கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் சரி என்று சொல்ல முடிகிற ஒரே விஷயம் அந்தப் பர்கர்தான். பிள்ளை முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடிகிற ஒரே நிமிஷம் அதுதான். இரண்டு பேரும் நல்ல அம்மாவாக இருக்கத்தான் பார்க்கிறார்கள்.

பாஸ்டன் பகுதியில் கேட்லின் டேனியல் என்ற ஆய்வாளர் 2016இல் எழுதியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குழந்தை ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரைகூட அதைத் தட்டில் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்வார்கள். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் அறிவுரை இது, தப்பும் இல்லை. ஆனால் அந்தத் தடவைகளில் பாதிக்கு மேல் காய் குப்பைக்குத்தான் போகும். பணக் கஷ்டத்தில் இருக்கும் பெற்றோருக்குக் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு தட்டும் காசு, அதுவும் போதாமல் பிள்ளை பசியோடு இருக்கிறதே என்று மாற்றாக இன்னொன்றும் செய்து கொடுக்க வேண்டும். அதனால் பிள்ளை கட்டாயம் சாப்பிடும் என்று தெரிந்ததையே வாங்குகிறார்கள். வீணாகாது என்பதற்கு உத்தரவாதம் உள்ள சாப்பாடு எது என்று பார்த்தால், அதில் நக்கெட்ஸ் முன்வரிசையில் நிற்கிறது. ஆரோக்கியமான சாப்பாடு மலிவு, மனம் இருந்தால் யாரும் சமைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள், குழந்தை துப்பியதை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சமைக்கிற ஆளின் நேரத்தையும் சேர்ப்பதில்லை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் இன்னொரு ஒரு மணி நேரம் நிற்பது அந்தக் கணக்கில் சும்மா கிடைப்பது மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

குழந்தைகளும் வெள்ளைத் தாள் மாதிரி வருவதில்லை. 2007இல் கலிஃபோர்னியாவில் 3 முதல் 5 வயதுள்ள 63 குழந்தைகளிடம் ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மெக்டொனால்ட்ஸ் உறையிலும் மற்றொன்றைச் சாதாரண உறையிலும் வைத்துக் கொடுத்தார்கள். மெக்டொனால்ட்ஸ் உறையில் இருந்ததுதான் ருசி என்று நிறையக் குழந்தைகள் சொன்னார்கள், ஃபிரைஸில் மட்டும் இல்லை, கேரட்டிலும் பாலிலும்கூட. கேரட் அதே கேரட். அந்த நிறுவனம் அமெரிக்கா முழுக்க ஹேப்பி மீலைக் கொண்டுவந்தது 1979இல், பொம்மையும் சாப்பாடும் ஒரே பெட்டியில் வர ஆரம்பித்து ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிவிட்டது. இதன் பலத்தைச் சில அரசுகள் புரிந்துகொண்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்துக்கு 1980இலிருந்து தடை இருக்கிறது. சிலி நாட்டில் 2016இல் அமலுக்கு வந்த சட்டம், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை போட வைத்தது, அப்படிப்பட்ட உணவோடு பொம்மை கொடுத்து இழுப்பதையும் தடுத்தது. கோடிக்கணக்கில் பணம் போட்டுச் செய்கிற ஒரு வேலையை எதிர்த்து ஒரு நாடே சட்டம் போட வேண்டியிருக்கும்போது, ஒரு அம்மா கவுன்டர் முன்னால் தனியாக ஜெயிக்கவில்லை என்று அவரைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சில குழந்தைகள் பிறவியிலேயே அப்படி. பிரிட்டனில் 8 முதல் 11 வயது இரட்டைப் பிள்ளைகளை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வில், புது உணவைக் கண்டு ஒதுங்குவதில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தில் 78 விழுக்காடு மரபணுவால் விளக்கக்கூடியது என்று கணித்தார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு உணவின் மணமும், வாயில் படும் பதமும், நிறமும் தாங்க முடியாத தொந்தரவாக இருக்கும். எப்போதும் ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே மொறுமொறுப்பு என்று மாறாமல் இருப்பதால் நக்கெட்ஸையும் ஃபிரைஸையும் மட்டும் ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ஒரு சில உணவுக்கு மேல் எதையுமே சாப்பிட முடியாத நிலைமையை ஒரு தனிக் கோளாறாகவே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் சேர்த்தது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அன்றைக்குப் பிள்ளை ஏதோ ஒன்றைச் சாப்பிட்டதே பெரிய நிம்மதி. பக்கத்து மேசையிலிருந்து அது தெரியாது.

இப்படிக் காரணங்களை அடுக்குவதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நோய், வறுமை, ஆட்டிசம் என்று 'தகுந்த' காரணம் காட்டினால்தான் ஓர் அம்மாவை விட்டுவிடுவோம் என்று ஆகிவிடக் கூடாது. சமைக்க அலுப்பாக இருந்தது, பிள்ளை ஆசையாகக் கேட்டது, எனக்கும் பிடிக்கும் என்பதெல்லாம்கூட ஒரு மனிதருக்கு இருக்கும் காரணங்கள்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதற்கு விளக்கம் கொடுக்க அவருக்குக் கடமை எதுவும் இல்லை.

இதுவரை கடையில் பார்க்கும் அந்நியரைப் பற்றியே பேசினேன். ஆனால் அதிகமாகக் காயப்படுத்துவது அந்நியர்கள் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாட் குழந்தைகள் மருத்துவமனை 2017இல் நடத்திய கருத்துக் கணிப்பில், 5 வயது வரையுள்ள குழந்தைகளின் அம்மாக்களில் 61 விழுக்காட்டினர் தங்கள் பிள்ளை வளர்ப்பை யாராவது குறை சொன்னதாகச் சொன்னார்கள். அப்படிக் குறை கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல், 52 விழுக்காட்டினருக்கு, வந்த குறை சாப்பாட்டைப் பற்றியது. யார் சொன்னது என்று கேட்டால் சொந்த அம்மா அப்பா 37 விழுக்காடு, கணவர் அல்லது குழந்தையின் அப்பா 36, மாமியார் மாமனார் 31. வெளியிடத்தில் சந்திக்கிற மற்ற அம்மாக்கள் வெறும் 12. குறை சொன்னதால் என்ன ஆனது என்பதும் அந்தக் கணிப்பில் இருக்கிறது. 67 விழுக்காட்டினருக்குத் தாங்கள் செய்வதே சரி என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது, 42 விழுக்காட்டினருக்குத் தங்கள் மேலேயே சந்தேகம் வந்தது. தட்டில் காய்கறி கூட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பேசியவருக்கு இந்த இரண்டில் எதுவும் உதவாது.

என் வீட்டிலும் சொந்தம்தான். ஆறாவது நாளோ என்னவோ பெரியம்மா அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். என் மகனைப் பக்கத்தில் இழுத்து வைத்து, "இன்னைக்கு என்னடா கண்ணா சாப்பிட்ட?" என்றார். அவன் உற்சாகமாக, "பர்கர் பெரிய பாட்டி, இந்தக் காரும் குடுத்தாங்க" என்று காட்டினான். பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அவன் தலையைத் தடவி, "பாவம், பிள்ளைக்குச் செஞ்சு போட யாரு இருக்கா" என்றார். கெட்ட மனதில் சொன்னார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை, தங்கை படுத்திருக்கிற பதற்றம் அவருக்கு. மறுநாள் கடையிலிருந்து வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது மகன் தன் சட்டைப் பையிலிருந்த பொம்மையை எடுத்து என் கைப்பைக்குள் போட்டான். வாயை ரெண்டு தடவை துடைத்துக்கொண்டான். "பெரிய பாட்டி வந்திருப்பாங்களாம்மா?" என்றான்.

என்னைக் குத்திய சொல் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவனிடம் போய், சாப்பிட்டதை மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டது. சாப்பாட்டையும் வெட்கத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகளில் நிறையத் தடயம் இருக்கிறது. ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் இருவரும் 1999இல் சின்னக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'இதைத் தொடக் கூடாது' என்று தடுத்த தின்பண்டத்தின் மேல்தான் ஆசை கூடியது, கிடைத்தபோது அதைத்தான் அதிகம் எடுத்தார்கள். பருமனான பிள்ளைகளைக் கேலி செய்தால் அவர்கள் இளைப்பதில்லை, ஒளிந்து சாப்பிடுகிறார்கள், விளையாட்டு மைதானத்துக்குப் போவதைத் தவிர்க்கிறார்கள்.

நெருங்கிய சொந்தத்தில் ஒரு குழந்தை உண்மையிலேயே தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறது, பல் சொத்தை, எடை ஏறுகிறது, மலச்சிக்கல் என்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. குழந்தை இல்லாத இடத்தில், அம்மாவிடம் மட்டும் இல்லாமல் அப்பாவிடமும், முதலில் 'எப்படி சமாளிக்கறீங்க' என்று கேட்டுவிட்டுப் பேசலாம். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன ஒரு பங்கீடு பல குழந்தை மருத்துவர்களும் சொல்வது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. அந்த வீட்டுக்கு நம்மால் கொடுக்க முடிந்தது இந்த முதல் பாதிக்கு வேண்டிய நேரமும் கையும்தான். ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, ஒரு பாத்திரம் நிறைய ஏதாவது கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது, பள்ளியிலிருந்து கூட்டி வருவது, இதில் எதுவும் ஓர் அறிவுரை அளவுக்குச் சுலபம் இல்லை.

எட்டாவது நாள் அண்ணி வந்தார். லிஃப்ட் வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார், மகன் கையில் காகிதப் பை, அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அண்ணி அந்தப் பையைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவன் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ அத்தைகிட்ட இரு. நாலு நாளைக்கு இவன் எங்க வீட்டுல இருக்கட்டும், ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். ரெண்டு அடி போய்த் திரும்பி, "இவனுக்கு எதெல்லாம் பிடிக்காதுன்னு மட்டும் மெசேஜ் போடு" என்றார்.